ஒன்பதாம் வகுப்புப் பட்டியலைப் பற்றி டீச்சரத்தைக்கு

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய டீச்சரத்தைக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. அப்பாவுடைய தாத்தாவுக்கு நீங்கள் அத்தை. நீங்கள் கண்மூடி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நம் வீட்டில் சின்னது பெரியது எல்லாருக்கும் நீங்கள் டீச்சரத்தைதான். முறை பார்த்தால் எனக்கு அத்தை வராது. யாரும் முறை பார்க்கவில்லை, நானும் பார்க்கப் போவதில்லை.

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் உங்கள் குடும்பத்துப் பெண், அங்கேயே படித்து, அங்கேயே கணக்கு டீச்சராகி, கடைசி ஏழு வருஷம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னை விட்டால் வேறு யார் எழுதுவது என்று சொன்னார்கள். மூன்று வாரம் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த கதை வரைக்கும் பேனா ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. அதனால் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். மலர்க்குழு இதைப் போட்டால் போடட்டும்.

உங்களைத் தெரியாத பிள்ளைகளும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயதில் விதவையானவர் நீங்கள். மிஷன் போர்டிங்கில் படித்து, பயிற்சி முடித்து, தூத்துக்குடியில் பெண்பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை பாடம் சொல்லிக் கொடுத்தவர். நாலாம் வகுப்போடு வீட்டுக்குப் போன பிள்ளைகள் ஒரு வருஷத்திலேயே எழுத்தை மறந்துபோவதைப் பார்த்து மேல்வகுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொட்டப்பிள்ளைக்கு அதுக்கு மேலே எதுக்கு என்று உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். கடற்கரைச் சாலையில் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியின் மாடியை வாடகைக்குப் பிடித்து ஏழு பேரோடு நீங்களே நம் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்துவிட்டீர்கள். பஞ்சுத் தூசி பறந்து வகுப்பு முழுக்க இருமிக்கொண்டே இருக்குமாம். முத்துக்குளிப்பு நடந்த வருஷம் கடலில் முங்கி முத்தெடுக்கிறவர் ஒருவரின் மகள் குடும்பத்தோடு கரைக்குப் போய்விட, நீங்கள் மணலில் நடந்து அந்த ஓலைக் குடிலுக்கே போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்ததாக அப்பா சொல்வார். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அப்பா சேர்த்தது என்று எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கதை மட்டும் எல்லார் வாயிலும் ஒரே மாதிரிதான் வரும். பரீட்சையில் தேறுகிற தலையை எண்ணி அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு உதவி கொடுத்த காலம். ஏழு பேரையும் சோதித்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், மூன்று பேரை மட்டும் பரீட்சைக்கு அனுப்புங்கள், மற்ற நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், உங்கள் பள்ளிக்கூடத்துக்கும் நல்ல பேர் இருக்கும் என்றாராம்.

“ஏழு பேரு படிக்க வந்தாக. ஏழு பேரும் எழுதுவாக” என்றீர்களாம்.

மூன்று பேர்தான் தேறினார்கள். ஊர் சிரித்தது. உதவி குறைந்தது. தேறாத நாலு பேரும் அடுத்த திங்கட்கிழமை அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி நாலு தடவை எழுதியும் தேறவே இல்லை. அவளை நீங்கள் பள்ளிக்கூடத்து விடுதியைப் பார்த்துக்கொள்ள வைத்துக்கொண்டீர்கள்.

அத்தை, அப்போது உங்களுக்குப் பயம் வந்ததா? யாரிடமாவது யோசனை கேட்டீர்களா? இல்லை, பயந்ததைக் கதை சொன்னவர்கள் விட்டுவிட்டார்களா? எனக்கு அது தெரிய வேண்டும். ஏனென்றால் அதே இடத்தில் நானும் நின்றேன்.

நான் தலைமையாசிரியையான வருஷம் ஊரில் புதுப் பள்ளிக்கூடங்கள் பெருகியிருந்தன. ஒவ்வொன்றின் வாசலிலும் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் தொங்கியது. நம் பள்ளிக்கூடம் தொண்ணூற்று நாலு. ஆறாம் வகுப்பில் சேர்கிற கூட்டம் குறைந்தது. நிர்வாகத்தில் என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார்கள். “உங்க குடும்பம் ஆரம்பிச்ச ஸ்கூல். உங்க காலத்துல இறங்கிச்சுன்னு பேரு வேண்டாம் மேடம்” என்றார்கள்.

வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்பில் தோற்கக்கூடிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். பெற்றோரைக் கூப்பிட்டு நல்லவிதமாகப் பேச வேண்டும். அவர்களே விரும்பிக் கேட்டது போல மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் அந்த வழக்கம் கிடையாது. நான் கொண்டுவந்தேன். முதல் வருஷம் மூன்று பேர். என் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் நானே பட்டியல் போட்டேன்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி ஜெனிட்டா. புன்னைக்காயல் பிள்ளை. முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். அப்பா படகுக்குப் போகிறவர். அம்மா பிரகாசி இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை பார்த்தாள். அம்மாவுக்கு வேலை இருக்கிற நாளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஜெனிட்டா வீட்டில் நின்றுவிடுவாள். அப்படி நின்ற நாட்களில்தான் அவளுக்குக் கணக்கு போனது. மக்குப் பிள்ளை இல்லை. கணக்கு டீச்சரான எனக்கு இது தெரியாதா? தெரியும்.

பிரகாசி என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஐஸில் கிடந்து வெளுத்துப்போன விரல்களை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

“நான் கம்பெனிக்குப் போற நாள்ல சின்னதுக ரெண்டையும் இவதான் பாத்துக்கிடுதா டீச்சர். இனிமே ஒரு நாள்கூட நிப்பாட்ட மாட்டேன். ஒரு வருசம் பாருங்க.”

“அவ நல்லதுக்குத்தாம்மா சொல்லுதேன். டுடோரியல்ல சேத்தா நேரா பத்தாவது எழுதிரலாம். இங்கன இருந்தா ரெண்டு வருசம் வீணாப் போகும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் பிரகாசி. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை இந்த ஊரில் விதைத்தவர் நீங்கள், அறுத்துக்கொண்டவள் நான்.

அம்மா பக்கத்தில் நின்ற ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். “டீச்சர், நான் பெயிலாப் போனாலும் இங்கனயே பெயிலாப் போறேனே.”

நான் கிளார்க்கைக் கூப்பிட்டேன். “என் மகளை என் சொந்த விருப்பத்தின் பேரில் வேறிடத்தில் சேர்க்க இருப்பதால்” என்று கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பிரகாசிக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள், அதுவும் மகள் பழக்கிக் கொடுத்தது. பேனாவை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். பக்கத்தில் நின்ற ஜெனிட்டா குனிந்து பார்த்து, “எம்மா, ‘கா’வுக்குக் கால் விட்டுட்ட” என்றாள். பிரகாசி நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தத் துணைக்காலைப் போட்டாள்.

தன்னை வெளியே அனுப்புகிற காகிதத்தில் அந்தப் பிள்ளை பிழை திருத்தினாள், அத்தை. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மறுவருஷம் நமக்கு நூறு சதவீதம் வந்தது. கேட்டில் பேனர் கட்டினோம். பாராட்டுக் கேடயம் வந்தது. ஆறாம் வகுப்பில் இடம் கேட்டு வரிசை நின்றது. நிறுவனர் நாள் விழாவில் நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைக்கிறீர்கள்? இன்ஸ்பெக்டர் கதையைத்தான். “ஏழு பேரும் எழுதுவாக” என்று நான் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் உருகித்தான் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்று அதிகமாகப் பயமாக இருக்கிறது.

விழா முடிந்து அறைக்கு வந்தேன். நம் ஆயா செல்வக்கனி டீ கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

“நல்லா பேசுனிய டீச்சர். அந்த அம்மா இப்ப இருந்தா நம்ம ஜெனிட்டாவ விட்டிருப்பாகளா?”

“உன் வேலையப் பாரு” என்றேன்.

செல்வக்கனி போய்விட்டாள். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் எனக்கு டீ வைத்தாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு வருஷத்தில் மொத்தம் பதினோரு பிள்ளைகளை அனுப்பினேன். கடைசி நாலு வருஷம் அந்தப் பயமும் இல்லை. பட்டியல் போட்டு, பெற்றோரைக் கூப்பிட்டு, கடிதம் எழுத வைத்து, கையெழுத்து வாங்கி, அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

மலருக்காக எழுத உட்கார்ந்தபோது “ஏழு பேரும்” என்ற வார்த்தைகளுக்கு மேல் பேனா நகராததற்குக் காரணம் இதுதான். மூன்றாவது வாரம் பேக்கரியில் ஒரு மக்ரூன் பொட்டலம் வாங்கிக்கொண்டு புன்னைக்காயல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் உப்பளம், பிறகு வாழைத் தோட்டம். என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் வீடு. ஜெனிட்டாவுக்கு இப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கணவன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். ஜெனிட்டாவும் இறால் கம்பெனிக்குத்தான் போகிறாள். அன்றைக்குக் கம்பெனி வேன் வராததால் வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்க டீச்சர். எதுவும் சர்ட்டிபிகேட் விசயமா?”

“இல்லம்மா. உன்னப் பாக்கத்தான் வந்தேன்.”

“என்னயவா?”

பஸ்ஸில் தயார் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. “உன்ன நான் அனுப்பியிருக்கக் கூடாது. அது என் தப்பு” என்று மட்டும் சொன்னேன்.

ஜெனிட்டா மகளிடம் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“டுடோரியலுக்கு ஒரு மாசம் போனேன் டீச்சர். அங்கன எல்லாம் பெரிய ஆளுக. வேலைக்குப் போற அண்ணன்மாரு, கல்யாணம் ஆன அக்காமாரு. நான் ஒருத்திதான் சின்னப் பிள்ள. பொறவு போகல. அம்மாகூட வேன்ல ஏறிட்டேன்.”

“என் மேல கோவமா இருக்கியா?” கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“கோவம் என்ன. பஸ்ஸு ஸ்கூல் வழியா போகும்போது ஸ்கூல் தெரியாத பக்கத்து சீட்ல ஒக்காந்துக்கிடுவேன். அம்புட்டுதான்.” மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். “அம்மாதான் டீச்சர் விடவே இல்ல. போன வருசம் தவக்காலத்துல செத்துப்போனா. அதுவரைக்கும் அதே பேச்சுதான். நாந்தான கையெழுத்துப் போட்டேன், நாந்தான போட்டேன்னு. பேரு எழுதச் சொல்லிக் குடுத்தவ நீ, அந்தக் கையால ஒம் படிப்பயே நிப்பாட்டிட்டேனேன்னு அழுவா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

டீச்சரத்தை, நான் அந்த வீட்டுக்குப் போகும்போது ஒரு பிள்ளைக்குச் செய்த தப்பைத்தான் சுமந்துகொண்டு போனேன். அதைவிடப் பெரியது ஒன்று அங்கே எனக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைத் தன்னுடையவை என்று நம்பி ஒருத்தி பத்து வருஷம் அழுதிருக்கிறாள். நான் ஊருக்குள்ளேதான் இருந்தேன். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்.

“அந்தக் கடுதாசி உங்க அம்மா எழுதுனது இல்ல. நான் சொல்லி எழுத வச்சது” என்றேன்.

“எனக்குத் தெரியும் டீச்சர். நான் பக்கத்துலதான நின்னேன்.” எழுந்தாள். “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவகிட்ட வந்து சொல்லுங்க.”

கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தான். வெயில் ஏறியிருந்தது. மணலில் கால் புதைய அவள் முன்னால் போனாள், மகள் கையில் மக்ரூனோடு பின்னால் வந்தாள். சிமெண்டுச் சிலுவையில் பிரகாசியின் பெயர் எழுதியிருந்தது. ஜெனிட்டா, வீட்டு வாசலில் விருந்தாளி வந்ததைச் சொல்வது போல, “எம்மா, எச்.எம். டீச்சர் வந்துருக்காவ” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

முப்பத்துநாலு வருஷம் வகுப்பில் பேசியவள் நான். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவைக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

“பிரகாசிம்மா, அந்தக் கடுதாசி என் வார்த்தை. உங்க மக தேறமாட்டான்னு நெனச்சு இல்ல, என் ஸ்கூலுக்குப் பேரு வேணும்னு நான்தான் அனுப்புனேன். நீங்க ஒரு தப்பும் செய்யல.”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜெனிட்டா அழவில்லை. சிலுவையில் ஒட்டியிருந்த மணலைக் கையால் துடைத்தாள். “போன வருசம் வந்திருக்கலாம் டீச்சர்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். “தனித்தேர்வா பத்தாவது எழுதலாம் ஜெனிட்டா. வாரத்துல ரெண்டு நாள் நான் இங்க வந்து கணக்குச் சொல்லித் தாரேன்.”

“பாக்கலாம் டீச்சர். இவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கவே நேரம் பத்தல” என்றாள். என் போன் நம்பரை அவள் கேட்கவில்லை. நானாகத்தான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறுநாள் நம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போதைய தலைமையாசிரியை வசந்தா. என்னிடம் படித்தவள், எனக்குக் கீழே வேலை பார்த்தவள். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வருஷப் பட்டியலைக் கிழித்துப் போடு என்றேன்.

வசந்தா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். நாலு பெயர். சிவப்புப் பென்சில்.

“நானா கண்டுபிடிச்சேன் டீச்சர்? நீங்க போட்டுக் குடுத்த வழிதான. இப்ப நான் நிப்பாட்டி, ரிசல்ட் எறங்குனா எனக்கு யாரு வந்து நிப்பா? நீங்க நிப்பியளா?”

அவள் குத்திப் பேசவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் தலைமையாசிரியையாக இருந்தபோது யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

“நிப்பேன்” என்றேன். “நிர்வாகத்துல நான் வந்து பேசுதேன். சனிக்கிழமை இந்த நாலு பேரயும் எங்கிட்ட விடு.”

“சத்தியம்லாம் பண்ண மாட்டேன் டீச்சர். பரீட்சை வரைக்கும் வச்சுப் பாக்கேன்” என்றாள்.

நிர்வாகத்தில் பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். யோசிக்கிறோம் என்றார்கள். அந்த யோசனை எனக்குப் பழக்கமானதுதான். மூன்று சனிக்கிழமையாக நாலு பிள்ளைகளும் வருகிறார்கள். ஒருத்திக்குப் பின்னம் இன்னும் பிடிபடவில்லை. இன்னொருத்தி கேள்வி கேட்கவே பயப்படுகிறாள். நாலு பேரும் தேறுவார்கள் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாய் வருவதில்லை.

நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுகிற சேதிகளும் இருக்கின்றன. நான் பிறப்பதற்கு முன்பே முத்துக்குளிப்பு நின்றுபோன இந்தக் கரையில் இப்போது பெரிய பெரிய கப்பல்கள் நிற்கின்றன. துறைமுக அலுவலகத்தில் நம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதிகாரிகளாக இருக்கிறார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி டாக்டராகி வந்து, உங்கள் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். இதையெல்லாம் கட்டுரையில் எழுதியிருப்பேன். எல்லாம் உண்மைதான். ஆனால் தேறியவர்களை வைத்தே உங்களை அளந்தால், இன்ஸ்பெக்டர் சொன்னதுதானே சரி என்று ஆகிவிடும்?

ஜெனிட்டாவைத் தவிர இன்னும் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்துப் பெற்றோர், பத்துக் கடிதங்கள், எல்லாவற்றிலும் ஒரே வாசகம், “என் சொந்த விருப்பத்தின் பேரில்.” எத்தனை வீட்டில் அந்தக் கையெழுத்தை நினைத்து யார் யார் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலர் மறந்திருக்கலாம். சிலர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தலாம். சாத்தினால் வெளியே நின்றே சொல்லிவிட்டு வருவேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை உடன்குடிக்குப் போகிறேன். கருப்பட்டி காய்ச்சுகிற ஒருவருடைய மகள். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார், அது நினைவிருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிற போதே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். பத்து வீட்டுக்கும் போவேன், அத்தை. ஒரு வீட்டையும் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் தம்பி வழியில் ஐந்தாவது தலைமுறையாக வந்த
உங்கள் மருமகள்,
மனோரஞ்சிதம்